நத்தார் 25ஆம் திகதி முடிவதில்லை

டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கண்டிக் கடைகளில் நத்தார் தாத்தா இறக்கப்பட்டு, புதுவருட மலிவு விற்பனைப் பதாகை ஏறிவிடும். வானொலியும் வழக்கமான சினிமாப் பாட்டுக்குத் திரும்பிவிடும். கடைக்காரருக்கு அதுதான் கணக்கு. அவரைக் குறை சொல்வதற்கில்லை. கத்தோலிக்க வீடுகளும் அதே கணக்கில் நடப்பதுதான் யோசிக்க வைக்கிறது. நவம்பரிலேயே நட்சத்திர விளக்கு எரியத் தொடங்குகிறது. 25ஆம் திகதி பகல் சாப்பாட்டோடு எல்லாம் ஓய்ந்துபோகிறது. அந்த வாரமே குடிலைக் கலைத்து, சுரூபங்களைப் பழைய பத்திரிகையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். திருச்சபையின் நாட்காட்டியிலோ அப்போதுதான் நத்தார் தொடங்கியிருக்கிறது. பெண் வீட்டுக்குள் கால் வைக்கும் நேரத்தில் கல்யாணப் பந்தலைப் பிரிக்கிற வேலை இது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. நத்தார்க் காலம் எத்தனை நாள் என்று கேட்டால் மூன்று விதமான பதில் கிடைக்கும். பன்னிரண்டு நாள் என்பார் ஒருவர். அது டிசம்பர் 25இலிருந்து ஜனவரி 6இல் வரும் திருக்காட்சிப் பெருவிழா வரையிலான பழைய கணக்கு. நாற்பது நாள் என்பார் இன்னொருவர். குழந்தை இயேசுவைக் கோயிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த பெப்ரவரி 2ஆம் திகதி வரை அது நீளும். இன்று திருப்பலியில் பின்பற்றப்படுவது 1969இல் திருத்தப்பட்ட நாட்காட்டி. அதன்படி நத்தார்க் காலம் டிசம்பர் 24ஆம் திகதி மாலை வழிபாட்டோடு தொடங்கி, ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு நிறைவடைகிறது. மூன்றும் திருச்சபைக்குள்ளிருந்தே வந்தவை என்பதால் எதையும் பிழை என்று தள்ள வேண்டியதில்லை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் 26ஆம் திகதி முடிவு நாள் அல்ல.

நத்தார்க் காலத்துக்கு முன்னே வருவது திருவருகைக் காலம். நான்கு ஞாயிறுகள் என்று எல்லோருக்கும் தெரியும். நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக் குறைவதுதான் பலருக்குத் தெரிவதில்லை. நத்தார் ஞாயிற்றுக்கிழமை வந்தால் முழுதாக இருபத்தெட்டு நாள் கிடைக்கும். 2022இல் அப்படி வந்தது. திங்கட்கிழமை வந்தால் நான்காம் ஞாயிறே 24ஆம் திகதியாகி, காலம் இருபத்திரண்டு நாளாகச் சுருங்கும். 2023இல் அதுதான் நடந்தது. அந்த ஆண்டில் பலரும் கேட்ட ஒரு கேள்வியையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். ஞாயிறும் நத்தாரும் அடுத்தடுத்து வரும்போது ஒரே திருப்பலி இரண்டு கடமைக்கும் சேராது. ஞாயிற்றுக்கு ஒன்று, நத்தாருக்கு ஒன்று என்று இரண்டு முறை போக வேண்டும்.

திருவருகைக் காலத்தில் வீட்டில் என்ன செய்யலாம்? நான்கு மெழுகுதிரி வளையத்தை இப்போது பெரும்பாலான கோயில்களில் பார்க்கிறோம்: மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிற்றுக்கு ஒரு இளஞ்சிவப்பு. இது ஏதோ பழங்காலத்துக் கத்தோலிக்க மரபு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் 1839இல் ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில், ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்திய விகர்ன் என்ற லூத்தரன் போதகர் செய்த ஏற்பாடு இது. நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் நச்சரித்ததால் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளைப் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். கத்தோலிக்கர் அதை எடுத்துக்கொண்டது 20ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே வளையத்துக்கு இன்ன இலைதான் வேண்டும் என்ற சட்டம் எதுவும் கிடையாது. சைப்பிரஸ் கிளை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வேலியோரத்துப் பன்னம் போதும். ஊதா மெழுகுதிரி கிடைக்காத இடத்தில் வெள்ளை மெழுகுதிரிக்கு ஊதா நாடா கட்டினால் ஆயிற்று. இரவுச் சாப்பாட்டுக்கு முன் வீட்டின் கடைசிப் பிள்ளை ஏற்றட்டும், மூத்தது அன்றைய வாசகத்தை வாசிக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். நீளும் ஜெபத்தை இரண்டாம் வாரமே பிள்ளைகள் வெறுத்துவிடுவார்கள்.

ஒளிவிழா பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பரில் பாடசாலை விடுமுறை வந்துவிடுவதால், ஒளிவிழாவை அதற்கு முன்பே நடத்துவதைத் தவிர வேறு வழியில்லை. திருவருகைக் காலத்திலேயே நத்தார் நாடகம் போட்டுவிடுகிறார்களே என்று குறைப்படுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் ஒளிவிழாவில் இடையர் வேடம் போட்ட பிள்ளை நத்தார் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டியது வீட்டின் பொறுப்பு. காத்திருக்கும் காலம் என்று ஒன்று இருக்கிறது என்பதைப் பாடசாலையை விட வீடுதான் எளிதாகக் கற்பிக்க முடியும். பெரிய கொய்யாக் கிளை ஒன்றைச் சாடியில் நட்டு, ஆதாம் ஏவாள், நோவா, ஆபிரகாம், தாவீது என்று இரவுக்கு ஒரு பழைய ஏற்பாட்டுக் கதையைச் சொல்லி, அதற்கான படத்தைப் பிள்ளையே வரைந்து மாட்டும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. செலவு ஒரு கடதாசிக் கட்டுதான். கதை சொல்ல அப்பாயியோ அம்மாயியோ இருக்கும் வீடு பாக்கியம் செய்த வீடு.

குடிலுக்கு வருவோம். 1223ஆம் ஆண்டு நத்தார் இரவில் இத்தாலியின் கிரெச்சோ என்ற மலை ஊரில், ஒரு குகையில் வைக்கோலைப் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, அசிசியின் புனித பிரான்சிஸ் பெத்லகேமைக் காட்டினார். நம் வீட்டுக் குடில்களின் தொடக்கம் அங்கே. அவர் நாடியது ஆடம்பரத்தை அல்ல. குழந்தை பிறந்த இடத்தின் வறுமையைக் கண்ணால் காண வேண்டும் என்றார். பங்குகளிடையே குடில் போட்டி நடத்தி, மின்குமிழ்களை எண்ணிப் பரிசு கொடுக்கும் பழக்கத்தை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

குடிலை ஒரே நாளில் கட்டி முடிக்க வேண்டியதில்லை. காலத்தை நீட்டிக் காட்டுவதற்கு அதைவிடச் சிறந்த சாதனம் வீட்டில் வேறில்லை என்பது என் எண்ணம். முதல் ஞாயிறன்று வெறும் கொட்டகை மட்டும் இருக்கட்டும். இரண்டாம் வாரம் ஆடு மாடுகளைச் சேர்க்கலாம். சிரட்டைகளில் நெல்லோ பயறோ விதைத்து வைத்தால் நத்தாருக்குள் பச்சை எழும்பிவிடும். மேய்ச்சல் நிலத்துக்குப் பிளாஸ்டிக் புல் தேவைப்படாது. தீவனத் தொட்டியை வெறுமையாக வைத்து, யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்த பிள்ளை ஒரு வைக்கோல் துரும்பைப் போடும் பழக்கமும் உண்டு. அதைப் புள்ளிப் பட்டியல் ஆக்கி, தம்பி எத்தனை, தங்கச்சி எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் கெட்டுவிடும். பாலன் சுரூபம் 24ஆம் திகதி இரவு வரை அலுமாரிக்குள்தான் இருக்க வேண்டும். மூன்று இராஜாக்களை வீட்டின் தொலைவான மூலையில் வைத்து, நாளுக்கு ஒரு முழமாக நகர்த்தி, திருக்காட்சி நாளன்று குடிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம். அவர்கள் எத்தனை பேர் என்றோ, அரசர்கள் என்றோ மத்தேயு சொல்லவில்லை. ஞானிகள் என்றுதான் சொல்கிறார், காணிக்கை மூன்று என்கிறார். அவர்கள் வந்து சேர்ந்தது ஒரு வீட்டுக்கு என்றும் அவரே சொல்கிறார். இடையர்கள் வந்த இரவிலேயே இவர்களும் வந்துவிடவில்லை என்பதைப் பிள்ளைகள் அந்த நடையிலிருந்தே புரிந்துகொள்வார்கள். இடையில் ஒரு எச்சரிக்கை: வைக்கோலும் மெழுகுதிரியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மலிவான மின்சரங்களை இரவு முழுக்க எரியவிட்டுத் தூங்கவும் கூடாது.

நள்ளிரவுத் திருப்பலிக்கு, மூத்தவர்கள் சொல்லும் சாமப் பூசைக்கு, நள்ளிரவிலேயே போனால்தான் நத்தார் நிறைவு என்று எண்ணி மனம் சோர்கிறவர்கள் நம் பக்கத்தில் அதிகம். ஒரே பங்குத்தந்தை பிரதான கோயிலையும் கிளைக் கோயில்களையும் பார்க்க வேண்டிய மலைநாட்டுப் பங்குகளில், எல்லா இடத்திலும் பன்னிரண்டு மணிக்குப் பூசை வைப்பது நடக்காத காரியம். நத்தாருக்கு நான்கு திருப்பலிகள் திருச்சபையாலேயே வகுக்கப்பட்டுள்ளன: 24ஆம் திகதி மாலை, இரவு, விடியல், பகல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசகங்கள் உண்டு. எதில் பங்கெடுத்தாலும் கடமை நிறைவேறும். கடைசி பஸ் போய்விடும் ஊரில், கைக்குழந்தையோடும் நடக்க முடியாத பெரியவரோடும் இருக்கும் குடும்பம் விடியல் திருப்பலிக்குப் போவதில் எந்தக் குறையும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் விளக்குகளை அணைத்து, குடிலில் பாலனை வைத்து, ஒரு பாட்டுப் பாடிய பிறகு சாப்பிடலாம்.

இனித்தான் யாரும் கவனிக்காத பகுதி. 25இலிருந்து ஜனவரி 1 வரை எட்டு நாளும் ஒரே பெருநாள் என்று திருச்சபை கருதுகிறது. 26ஆம் திகதி முதல் மறைசாட்சியான ஸ்தேவான், 27இல் யோவான், 28இல் ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள். பிறப்பின் மறுநாளே மரணத்தை நினைக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். இலங்கையில் அதை விளக்க வேண்டியதில்லை. சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. அது திருக்குடும்ப ஞாயிறும் கூட. 2025இல் டித்வா புயல் நவம்பர் 28ஆம் திகதி நாட்டைத் தாக்கியபோது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் குடும்பம் குடும்பமாக உயிர்களைக் கொண்டுபோயின. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 30ஆம் திகதி, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வந்தது. ஊதா மெழுகுதிரியை ஏற்ற வீடே இல்லாதவர்கள் இருந்தார்கள். எட்டு நாள் பெருநாளில் துக்க வீட்டுக்குப் போவதற்கும் இடம் இருக்கிறது. அந்தந்த ஆண்டில் ஒருவரை இழந்த வீட்டுக்கு மாசில்லாக் குழந்தைகள் நாளில் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவது, 25ஆம் திகதி அவசரமாக ஒரு கேக் துண்டை நீட்டிவிட்டு வருவதை விட மேலானது. அன்றிரவு பெற்றோர் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு ஆசீர்வதிக்கலாம். அதற்குக் குருவானவர் வர வேண்டும் என்பதில்லை.

பலகாரத் தட்டையும் இந்த எட்டு நாளுக்குள் பரப்பிவிடலாம். கண்டி மாவட்டத்துக் கலகெதர போன்ற ஊரில் கத்தோலிக்கர் மிகச் சிலர். நாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பேர் கத்தோலிக்கர் என்றால், கண்டி மாவட்டத்தில் அந்த அளவு கூடக் கிடையாது. அதனால் தட்டுப் போகும் வீடுகள் பெரும்பாலும் பௌத்த வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் இந்து வீடுகளும்தான். சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் நத்தார் கேக்கில் ரவை, முந்திரி, பூசணித் தோசி, இஞ்சித் தோசியோடு பிராந்தியும் சேர்வது வழக்கம். கடைக்கார நானாவின் வீட்டுக்கு அதைக் கொடுத்து அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது; முறுக்கும் கொக்கிஸும் கொடுங்கள், அல்லது பிராந்தி இல்லாமல் ஒரு தட்டுக் கேக் தனியாகப் போடுங்கள். உந்துவப் போயா சில ஆண்டுகளில் நத்தாரை ஒட்டி விழும். 2023இல் 26ஆம் திகதியே போயா. சில் எடுக்கும் வீட்டுக்கு அன்று கோழிக்கறி அனுப்பலாகாது, அன்று இறைச்சிக் கடையும் திறக்காது. ஒரே காலையில் எல்லா வீட்டுக்கும் ஓடாமல் நாளுக்கு இரண்டு வீடு என்று போனால், பிள்ளைகளுக்கும் அங்கே உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். செலவும் ஒரே நாளில் தலையில் விழாது. கேக் சாமான் விற்கிற விலையில் இதுவும் சொல்ல வேண்டிய விஷயம்தான்.

கொழும்பில் வேலை செய்யும் மகனும் மகளும் 24ஆம் திகதி வந்து 26ஆம் திகதி திரும்பிப் போய்விடுகிறார்களே, பிறகு யாரோடு கொண்டாடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எட்டு நாளுக்குள் ஒரு ஞாயிறு வருகிறது, அதுதான் திருக்குடும்ப விழா. நத்தாரே ஞாயிற்றுக்கிழமையானால் அது 30ஆம் திகதிக்குப் போகும். வர முடிந்தவர்கள் அன்று கூடலாம், முடியாதவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது. ஜனவரி 1 இறைவனின் தாயான மரியாளின் பெருவிழா. பாப்பரசர் ஆறாம் பவுல் தொடங்கி வைத்த உலக சமாதான நாளும், 1968 முதல், அதே நாளில்தான். இவை பட்டாசுச் சத்தத்தில் மறைந்துபோவது வருத்தம்.

திருக்காட்சிப் பெருவிழா, மூன்று இராஜாக்கள் திருநாள், ஜனவரி 6க்கு உரியது. அந்த நாள் விடுமுறையாக இல்லாத நம் நாடு போன்ற இடங்களில் ஜனவரி 2க்கும் 8க்கும் இடைப்பட்ட ஞாயிற்றுக்கு மாற்றப்படும். பிள்ளைகளுக்கான பரிசில் ஒன்றையாவது இந்த நாளுக்கு ஒதுக்கி வைக்கலாம். ஸ்பெயினில் பரிசு நாளே இதுதான். வீட்டை ஆசீர்வதிக்கும் நாளும் இதுவே. பங்குத்தந்தை வர முடிந்தால் நல்லது; இல்லையென்றால் தகப்பனோ தாயோ வாசகம் வாசித்து, தீர்த்தம் தெளித்து, அறை அறையாகப் போய் ஜெபிக்கலாம். அதற்கடுத்த ஞாயிறு, சில ஆண்டுகளில் மறுநாள் திங்கள், ஆண்டவரின் திருமுழுக்கு. பிள்ளைகளின் ஞானஸ்நான மெழுகுதிரியையும் படங்களையும் எடுத்துக் காட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அதோடு குடிலைக் கலைக்கலாம். பொங்கலுக்கு வீடு கழுவும் வேலையும் அதே வாரத்தில் வந்துவிடும்.

வீட்டுக்குள் நடப்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், கண்டியில் கத்தோலிக்க விசுவாசம் பிழைத்ததே வீட்டில்தான். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சுக்காரர் கரையோரத்தில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் நத்தார் இரவில் மறைவாகப் பூசைக்குக் கூடியவர்கள் பிடிபட்டுச் சிறை போனார்கள். அந்த யாழ்ப்பாணத்துக்கு 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்தவர் யோசேப் வாஸ் அடிகளார். பிறகு புத்தளத்துக்கு நகர்ந்து, அங்கிருந்து 1692இல் கண்டிக்குப் புறப்பட்டார். குருநாகல் பக்கத்து வெவுடவில் இராஜாவின் அனுமதிக்காகக் காத்திருந்தபோது, அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்த லானெரோல் என்ற பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று சொல்லிவிட்டார். இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆட்கள் அவரைக் கைதியாகக் கண்டிக்குக் கொண்டுவந்தார்கள். இன்று புத்தளம், குருநாகல், வெவுட, கலகெதர, கட்டுகஸ்தோட்டை என்று பஸ்ஸில் வருகிறவர்கள் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் மலையேறுகிறார்கள்.

விடுதலையான பிறகு அவர் செய்த காரியங்களில் ஒன்று, குருவானவர் இல்லாத இடங்களில் ஜெபம் நடத்தவும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லவும் ஊர்மக்களிலிருந்தே அண்ணாவிகளையும் மூப்பர்களையும் ஏற்படுத்தியது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, எல்லோரும் ஓடிய நகரத்தில் தங்கி நோயாளிகளைப் பராமரித்தார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். அவருக்குப் பின் 1740களில் குருக்கள் இராச்சியத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அதன் பிறகும் மாத்தளைப் பக்கத்து வஹாக்கோட்டை போன்ற ஊர்களில் விசுவாசம் அழியாமல் தலைமுறை தாண்டி வந்தது. பூசை இல்லை, பங்கு இல்லை. தாய் தகப்பன் சொல்லிக்கொடுத்த ஜெபமும் திருநாள் கணக்கும்தான் இருந்தன. இன்றைக்குப் பக்கத்தில் கோயிலும் கையில் அச்சடித்த நாட்காட்டியும் வைத்துக்கொண்டு நாம் 26ஆம் திகதி கடையை மூடுகிறோம்.

யோசேப் வாஸ் 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸால் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய திருநாள் ஜனவரி 16, நத்தார்க் காலம் முடிந்த சில நாளில். கண்டி மறைமாவட்டத்துக் குடும்பங்கள் அதையும் சேர்த்துக்கொண்டால் நியாயம் என்பது நம் கருத்து. நாற்பது நாள் கணக்கை விரும்புகிறவர்களுக்கு அது நடுவிலேயே வந்துவிடும். பெப்ரவரி 2ஆம் திகதி கோயிலில் மந்திரித்த மெழுகுதிரியை வீட்டுக்குக் கொண்டுவந்து, நோய் நொடி, இடி மழை வந்தால் ஏற்றுவது நம் பெரியவர்களுக்குப் பழக்கமான காரியம்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முயல வேண்டாம். களைத்துப்போய் அடுத்த ஆண்டு எதுவுமே செய்யமாட்டீர்கள். இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்யுங்கள். குறைந்தது குடிலைக் கலைக்காமல் வையுங்கள். இந்த ஆண்டு, 2026இல், திருவருகைக் காலம் நவம்பர் 29ஆம் திகதி தொடங்குகிறது. நத்தார் வெள்ளிக்கிழமை, திருக்குடும்ப விழா டிசம்பர் 27, திருக்காட்சி 2027 ஜனவரி 3, ஆண்டவரின் திருமுழுக்கு ஜனவரி 10.